உத்தேசம் உத்தரவாகும்போது

சைக்கிள் பயிற்சிக்கென்று இன்று விற்பனையாகும் கைக்கடிகாரங்களும் செயலிகளும், மிதிப்பவரின் உடலைப் பற்றி ஓர் எண்ணைச் சொல்கின்றன. அவ்வெண் உத்தேசமாகக் கணக்கிடப்பட்டது. மறுநாள் காலையில் அது உத்தரவாகிவிடுகிறது: இன்று இத்தனை வாட், இத்தனை நிமிடம், இத்தனை முறை. உத்தேசத்துக்கும் உத்தரவுக்கும் இடையில் நடந்திருக்க வேண்டிய விசாரணை நடப்பதே இல்லை. அந்த விசாரணையைக் கோருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் பேசுமிடத்தில் மிதிவண்டிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். சொற்கள் பொருள் மாற்றி விற்கப்படும்போது அது இலக்கிய வாசகனின் விவகாரமும் ஆகிறது என்பதே எங்கள் பதில். 'உங்கள் உடற்தகுதி இவ்வளவு' என்று ஒரு கருவி அறிவிக்கும்போது, அந்த வாக்கியத்திலிருந்து 'சுமார்' என்ற சொல் காணாமற்போயிருக்கிறது. ஒரு சொல் காணாமற்போனதால் மனிதர்கள் தங்கள் உடலின் சாட்சியத்தையே நம்ப மறுக்கிறார்கள் என்றால், அச்சொல்லைத் தேடிப் போவது நம் வேலைதான்.

முதலில், கணிக்கப்படுவது எது என்று பார்ப்போம்.

சைக்கிள் உலகில் ஒரு மணி நேரம் என்பது பழைய அளவுகோல். 1893இல் பாரிஸ் நகரில் ஆன்றி தெக்ராஞ்ச் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை பதித்தார். பின்னாளில் பத்திரிகை ஆசிரியராகி, 1903இல் தூர் து பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிவைத்தவரும் இவரே. 1972இல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் அதே ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். இவை அளவீடுகள். மனிதன் ஓட்டினான், கடிகாரம் ஓடியது, தூரத்தை அளந்தார்கள். இடையில் ஊகம் எதுவும் இல்லை.

1980களின் பிற்பகுதியில் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபெரர் உருவாக்கிய பவர் மீட்டர், பெடலில் கால் செலுத்தும் திறனை வாட் கணக்கில் அளந்து காட்டியது. அதுவும் அளவீடுதான். மேட்டில் ஏறினாலும் எதிர்காற்றில் திணறினாலும் வாட் வாட்டாகவே இருக்கும். அமெரிக்க உடலியலாளர் ஆண்ட்ரூ காகன் இதன்மீது ஒரு பயிற்சி முறையைக் கட்டி எழுப்பினார். பயிற்சியாளர் ஹன்டர் ஆலனுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 2006இல் வெளியானது. அம்முறையின் மையத்தில் இருக்கும் எண்ணுக்கு எஃப்.டி.பி. என்று பெயர். ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சீராகத் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்சத் திறன் என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மற்ற எல்லாம் இந்த ஓர் எண்ணின் விழுக்காடுகள். 56 முதல் 75 வரை நெடுந்தூர ஓட்டம். 76 முதல் 90 வரை நடுத்தர வேகம். 91 முதல் 105 வரை எல்லைப் பயிற்சி. அதற்கு மேலே மூச்சு முட்டும் பகுதிகள். ஆணியடித்த ஒற்றைக் கொக்கியில் வீட்டுத் துணி முழுவதையும் தொங்கவிட்டதுபோல, ஒருவருடைய மாதக்கணக்கான பயிற்சி முழுவதும் இந்த ஓர் எண்ணில் தொங்குகிறது.

கொக்கி சரியான இடத்தில் அடிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

ஒரு மணி நேரம் முழுமூச்சாக மிதித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் அது கொடிய வேலை. எனவே குறுக்குவழிகள் பிறந்தன. இருபது நிமிடம் மிதித்து, கிடைத்த சராசரியில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள் என்பது ஒன்று. நிமிடத்துக்கு நிமிடம் சுமையை ஏற்றிக்கொண்டே போய், கால் ஓயும்போது கடைசி ஒரு நிமிடத்தின் திறனில் 75 விழுக்காட்டை எடுத்துக்கொள் என்பது மற்றொன்று. இவை இரண்டும் வேண்டாம், நீ வழக்கம்போல் ஓட்டு, உன் நாடித்துடிப்பையும் வாட்டையும் பார்த்து நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று கருவி சொல்வது மூன்றாவது. வரிசையில் கீழே இறங்க இறங்க மிதிப்பவனுக்கு வலி குறைகிறது; ஊகம் கூடுகிறது. இந்த இரண்டாவது செய்தியை மட்டும் எந்தத் திரையும் சொல்வதில்லை.

ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் கொஞ்சம் கிளறுவோம்.

95 என்ற எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. காகனும் ஆலனும் வகுத்த சோதனையில், இருபது நிமிடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். குறுகிய நேரத்துக்கு மட்டும் உதவும் கையிருப்பு ஆற்றலைக் கரைத்துவிடுவதற்காகவே அந்த ஐந்து நிமிடம். இன்று பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். 95ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். பத்தியத்தைத் தள்ளிவிட்டு மருந்தை மட்டும் உண்பது போன்றது இது. பத்தியத்தோடு செய்தாலும்கூட அது எல்லாருக்கும் பொருந்துவதில்லை. 90 விழுக்காட்டை ஒட்டி நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

நாடித்துடிப்பின் வழியாக வரும் கணிப்பு இன்னும் சுவையான கதை. 'உன் உச்ச நாடித்துடிப்பு 220இல் இருந்து வயதைக் கழித்தால் வருவது' என்ற சூத்திரத்தை அறியாதவர் அரிது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கல் ஆகியோரின் வழியாக அது பரவியது. இதய நோயாளிகள் எவ்வளவு உடற்பயிற்சி செய்யலாம் என்ற விவாதத்தின் சூழலில், அப்போது கைக்குக் கிடைத்த சில ஆய்வுகளின் புள்ளிகளினூடே போடப்பட்ட ஒரு கோடு அது. 2002இல் ராபர்ட் ராபர்க்ஸும் லாண்ட்வேரும் அதன் மூலத்தைத் தேடிச் சென்றபோது, அச்சூத்திரத்தை நிறுவுவதற்கென்றே செய்யப்பட்ட ஆய்வு எதுவும் இல்லை என்று கண்டார்கள். ஒரு தலைமுறைக்கு மேலாக உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களில் தொங்கிய எண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை.

பின்னர் வந்தவர்கள் அதைச் செப்பனிட்டார்கள். 2001இல் தனாகாவும் அவருடன் பணிபுரிந்தோரும் 351 ஆய்வுகளைத் தொகுத்து, 208இல் இருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். 2010இல் மார்த்தா குலாட்டியும் சக ஆய்வாளர்களும் 5,437 பெண்களைச் சோதித்து, பெண்களுக்கு 206இல் இருந்து வயதின் 0.88 மடங்கைக் கழிப்பதே பொருந்தும் என்றார்கள். அதாவது, அதுவரை பெண்களின் மீது ஏவப்பட்டது பெரும்பாலும் ஆண்களைக் கொண்டு வரையப்பட்ட கோடு. இந்தத் திருத்தங்கள் மதிக்கத்தக்கவை. ஆனால் எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் ஓர் உண்மை நகர்வதில்லை: ஒரே வயதுடைய மனிதர்களின் உச்சத் துடிப்பு, சராசரியிலிருந்து பத்துத் துடிப்பு வரை விலகியிருப்பது சர்வசாதாரணம், பதினைந்து, இருபது விலகியிருப்பதும் விந்தையல்ல.

நாற்பத்தைந்து வயதுடைய இருவரை எடுத்துக்கொள்வோம். சூத்திரம் இருவருக்கும் 175 என்கிறது. ஒருவரின் உண்மையான உச்சம் 190, மற்றவருடையது 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்று 90 விழுக்காட்டில் மிதி' என்ற உத்தரவு இருவருக்கும் 157 என்றே வரும். முதலாமவருக்கு அது அவருடைய உச்சத்தில் 83 விழுக்காடு. வியர்வை துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கலாம். இரண்டாமவருக்கு அது 98 விழுக்காடு. ஒரே சொல், ஒருவருக்கு உலா, இன்னொருவருக்குத் தண்டனை.

கடிகாரங்கள் தரும் உச்ச ஆக்சிஜன் அளவுக்கும் ஒரு மூதாதை உண்டு. 1954இல் ஸ்வீடனின் பெர்-ஊலோஃப் ஓஸ்த்ராந்த், இர்மா ரீமிங் இருவரும் ஒரு கணிப்பு வரைபடத்தை வெளியிட்டார்கள். நின்ற இடத்தில் ஓடும் சைக்கிளில் அமர்ந்து, குறிப்பிட்ட சுமையில் சில நிமிடம் மிதிக்க வேண்டும். துடிப்பை எண்ண வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டால் உச்ச ஆக்சிஜன் அளவு கிடைக்கும். அருமையான சிக்கனம். சுமை கூடக்கூட துடிப்பு நேர்க்கோட்டில் கூடும், ஒரே வயதினரின் உச்சத் துடிப்பு ஏறத்தாழ ஒன்றே, எல்லாருடைய மிதிக்கும் லாகவமும் ஏறத்தாழ ஒன்றே என்ற மூன்று நம்பிக்கைகளின் மீது அது நின்றது. ஆனால் பின்னாளில் ஓஸ்த்ராந்த் எழுதிய பாடநூல் அம்முறையின் பிழை பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை போகும் என்பதை மறைக்கவில்லை. நாங்கள் வணங்கும் இடம் இது. ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்தவர் 'சுமார்' என்றார். அவருடைய பேரப்பிள்ளையாகிய கைக்கடிகாரம் ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு பச்சை வில்லையும் ஒட்டுகிறது.

இங்கே நம் சொந்தப் பெட்டகத்தில் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'அளவை' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. படி, நாழி, முழம் எல்லாம் அளவை. ஒன்றை அறிந்துகொள்ளும் வழிக்கும் அளவை என்றே பெயர். சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என்று மூன்றைப் பேசினார்கள். கண்ணால் காண்பது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல். பெரியோர் சொல்லை ஏற்பது உரை. இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதிருப்பதே அறிவின் முதல் ஒழுக்கம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெடலில் பதியும் வாட் காட்சி. அதிலிருந்து கணிக்கப்படும் எஃப்.டி.பி. கருதல். மறுநாள் காலை செயலி அதை வைத்து இடும் கட்டளை உரை. நம் காலத்துக் கருவி செய்யும் சூது என்னவென்றால், கருதலுக்குக் காட்சியின் உடையை மாட்டி, உரையின் பீடத்தில் உட்கார வைப்பதுதான். அளந்த 240 வாட்டும் கணித்த 240 வாட்டும் திரையில் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் வருகின்றன. எது கண்டது, எது கருதியது என்று பார்ப்பவனுக்குத் தெரிய வழியில்லை.

மணிமேகலையின் பிற்பகுதியைப் பொறுமையோடு வாசித்தவர்களுக்கு அங்கே வரும் தருக்கப் பகுதிகள் நினைவிருக்கும். மணிமேகலைக்கு அறவண அடிகள் தருமம் உரைக்கும்போது காட்டும் ஏதுப்போலிகளில் ஒன்று அநைகாந்திகம். சொல்லப்பட்ட காரணம் நிறுவ வேண்டிய பொருளிடத்திலும் இருக்கும், அதற்கு மாறானதனிடத்திலும் இருக்கும். ஆகவே அதைக் கொண்டு எதையும் முடிவுகட்ட இயலாது. நாடித்துடிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதே வாட்டுக்குத் துடிப்பு கூடுகிறது, ஆகவே தகுதி குறைந்துவிட்டது என்கிறது கருவி. ஆனால் தகுதி குறைந்தாலும் துடிப்பு கூடும். சென்னையின் மே மாத வெயிலில் மிதித்தாலும் கூடும். உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலை நோக்கித் திரும்புகிறது, வியர்வையில் நீர் வெளியேறுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை உயர்கிறது. முந்தைய இரவு தூங்கவில்லை என்றாலும், காய்ச்சல் வருவதற்கு இருந்தாலும் துடிப்பு கூடலாம். ரத்த அழுத்தத்துக்காகச் சிலவகை மாத்திரை உண்பவருக்கோ அது அவ்வளவாகக் கூடாது. அவர் மாவீரன் என்று கருவி மகிழும். வெப்பத்தைக் கணக்கில் கொள்ளச் சில கருவிகள் இப்போது முயல்கின்றன. தூக்கத்தையும் மாத்திரையையும் மனக்கவலையையும் எப்படிக் கணக்கில் கொள்வார்கள்? அதே காப்பியத்தில் அளவைவாதி பட்டியலிடும் பொய்யளவைகள் எட்டில் 'தேராது தெளிதல்' என்று ஒன்றுண்டு. ஆராயாமலே உறுதிகொள்வது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வடிவில் அது இப்போது கிடைக்கிறது.

சரி, எண் கொஞ்சம் பிசகினால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்கலாம். கொஞ்சம்தான் முழுகுகிறது, ஆனால் முழுகுவது எல்லாருக்கும் ஒரே மாதிரி அல்ல.

சுமை ஏற்றும் சோதனையில் இருவர் கடைசி நிமிடத்தில் 320 வாட் எட்டினார்கள் என்று கொள்வோம். இருவருக்கும் 240 என்று எண் வழங்கப்படும். முதலாமவர் நீண்ட நேரம் நின்று ஆடும் வகை. அவரால் உண்மையில் ஒரு மணி நேரம் 255 வாட் தாங்க முடியும். இரண்டாமவர் குறுகிய வெடிப்பில் வல்லவர்; அவருடைய உண்மையான எல்லை 215. இருவருக்கும் ஒரே கட்டளை: 240 வாட்டில் எட்டு நிமிடம், நான்கு முறை. முதலாமவர் தன் எல்லையில் 94 விழுக்காட்டில் மிதித்துவிட்டு வீடு திரும்புகிறார். இரண்டாமவர் தன் எல்லையில் 112 விழுக்காட்டில் மிதிக்க வேண்டும். இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ கால் நின்றுவிடும்.

அது நிற்பதற்கு உடலியல் காரணம் உண்டு. உடலின் உள் வேலைகள் ஒரு சமநிலைக்கு வந்து நிற்கும் பகுதிக்கும், அப்படி நிற்கவே முடியாத பகுதிக்கும் நடுவில் ஓர் எல்லை இருக்கிறது. 1988இல் டேவிட் பூலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட சைக்கிள் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அந்த எல்லையிலேயே மிதித்தவர்கள் சோதனைக்குக் குறித்திருந்த 24 நிமிடத்தையும் முடித்தார்கள். அவர்களின் ஆக்சிஜன் பயன்பாடு ஒரு மட்டத்தில் நின்றது. சுமையைச் சற்றே கூட்டியதும் ஆக்சிஜன் பயன்பாடு நிற்காமல் உச்சம்வரை ஏறியது. சராசரியாகப் பதினெட்டு நிமிடத்தில் ஓய்ந்துபோனார்கள். எஃப்.டி.பி.யும் இந்த எல்லையும் ஒன்றே அல்ல. ஆயினும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். இந்த இடத்தில் ஐந்து விழுக்காட்டுப் பிசகு என்பது காய்கறிக் கடைத் தராசின் பிசகைப் போன்றதன்று. வாய்க்காலின் கரையைப் போன்றது. கரைக்கு இந்தப் பக்கம் நடை. அந்தப் பக்கம் தண்ணீர்.

கடினமான நாளை விடவும் எளிதான நாளில் நிகழும் கேடு நுட்பமானது. நெடுந்தூர விளையாட்டு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், முன்னணி வீரர்கள் தங்கள் பயிற்சிகளில் சுமார் 80 விழுக்காட்டை மெதுவாகவே செய்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியவர். நம் இரண்டாமவருக்கு 'எளிதான ஓட்டம், 70 விழுக்காடு' என்று 168 வாட் விதிக்கப்படுகிறது. அவருடைய உண்மையான எல்லையில் அது 78 விழுக்காடு. எளிது என்ற பெயரில் அவர் நடுத்தர வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறார். ஓய்வு நாளில் உழைத்து, உழைப்பு நாளில் விழுந்து, ஏன் முன்னேறவில்லை என்று தெரியாமல் மாதங்களைக் கழிக்கிறார். முதலாமவருக்கும் நியாயம் கிட்டவில்லை. அவருக்குப் போதிய சுமையே கிடைக்காமல் காலம் வீணாகிறது. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் 'வெற்றி' என்ற பச்சை வில்லையைப் பெறுகிறார். ஆகவே புகார் செய்ய மாட்டார்.

எங்கள் கோபம் முழுவதும் இந்த இடத்தில்தான் திரள்கிறது. இரண்டாமவர் மூன்றாம் சுற்றில் நின்றபோது திரையில் என்ன வருகிறது? பயிற்சி முடிக்கப்படவில்லை என்று வருகிறது. தவறியது யார்? மிதித்தவர். எண் தவறியது என்று ஒருபோதும் வருவதில்லை. ஒரு கருதுகோளைச் சோதித்தார்கள். சோதனை அதைப் பொய்ப்பித்தது. பொய்ப்பித்த சாட்சியின் மீதே குற்றம் பதிவானது. அறிவியலின் பெயரால் நடக்கும் இந்த ஏற்பாட்டில் அறிவியல் எதுவும் இல்லை. செருப்பு கடித்தால் காலைச் செதுக்கச் சொல்வதற்குப் பெயர் வேறு. அந்த மனிதர் அடுத்த வாரமும் தவறுவார். தனக்கு மன உறுதி இல்லை என்று முடிவுசெய்வார். வண்டியை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டு, அதைப் பார்க்காதது போலக் கடந்து போகத் தொடங்குவார். அவருடைய தசைக்கோ இதயத்துக்கோ எந்தக் குறையும் இல்லை. ஒரு பெருக்கல் கணக்கு அவருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பின் வாதங்களைக் கேட்காமல் தீர்ப்பெழுதுவது முறையல்ல. மூன்று வாதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

'உணர்வு பொய் சொல்லும், எண் பொய் சொல்லாது' என்பது முதலாவது. உணர்வு பொய் சொல்லும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். கூட்டத்தோடு ஓட்டும் உற்சாகத்தில் களைப்புத் தெரியாது. காப்பி குடித்துவிட்டு வந்தால் மேடு தணிந்து தோன்றும். ஆனால் எந்த எண் பொய் சொல்லாது? அளந்த எண்ணைப் பற்றி எங்களுக்கு வழக்கே இல்லை. அளந்ததிலிருந்து கருதிய எண்ணைத்தான் கூண்டில் ஏற்றுகிறோம். அளவீட்டின் நாணயத்தைக் கடன் வாங்கிக் கணிப்பு தன் கடையை நடத்துகிறது.

'சராசரியாகப் பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது' என்பது இரண்டாவது. 1950இல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளின் உடலை அளந்தது. சராசரி விமானிக்கேற்ற இருக்கை செய்வது நோக்கம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் அந்த அளவுகளில் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்கு அருகில் இருப்பவர் எத்தனை பேர் என்று தேடினார். 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை. அதன் பிறகு விமானப்படை சராசரியைக் கைவிட்டு, நகர்த்தி அமைத்துக்கொள்ளும் இருக்கைகளைக் கேட்டது. உயிர் போகும் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தப் பாடம் விரைவில் புரிந்தது. சராசரி கூட்டத்தைப் பற்றிய உண்மை. அதைத் தனியொருவரின் காலுக்கு விலங்காகப் பூட்டும்போது அது உண்மையாக நீடிப்பதில்லை.

'இயந்திரம் கற்றுக்கொண்டே இருக்கிறது, நாளடைவில் சரியாகிவிடும்' என்பது மூன்றாவது. இன்று உரக்கப் பேசப்படுவதும் இதுவே. எதிலிருந்து கற்கிறது? அதே இயந்திரம் விதித்த ஓட்டங்களிலிருந்து. எளிதாக ஓட்டு என்று அது சொன்னது, எளிதாக ஓட்டினீர்கள், உங்கள் சமீபத்திய உச்ச முயற்சிகள் தாழ்ந்திருக்கின்றன, ஆகவே உங்கள் தகுதியும் தாழ்ந்திருக்கிறது என்று அது முடிவுகட்டக்கூடும். தான் வைத்த வினாத்தாளையே திருத்தி மாணவனை அறிந்துகொண்டதாக எண்ணும் ஆசிரியரைப் போன்ற நிலை இது. தரவு பெருகப் பெருக அறிவு பெருகும் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தரவுக்குள் மறுப்புக்கு இடம் இருக்க வேண்டும். வாட் இருக்கிறது, துடிப்பு இருக்கிறது, நேரம் இருக்கிறது. 'இன்று முடியவில்லை, காரணம் இது' என்று மிதிப்பவர் சொன்னது எங்கே இருக்கிறது?

அந்தச் சொல்லுக்கு இடம் கொடுத்த ஓர் அறிவியலும் இருந்தது. ஓஸ்த்ராந்தின் அதே ஸ்வீடனில் குன்னார் போர்க் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். சைக்கிளில் உழைப்பவரிடமே 'எவ்வளவு கடினமாக இருக்கிறது' என்று கேட்டார். அதற்கு 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் துடிப்புக்கு அருகில் வரும்படி அது அமைக்கப்பட்டது. உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். உடம்புக்குரியவரின் வாக்குமூலம் தரவாகும் என்பதை ஏற்ற அறிவியல் அது. அதைவிட எளிய சோதனையும் உண்டு. மிதித்துக்கொண்டே முழு வாக்கியங்களாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பது. பேச்சு சரளமாக வந்தால் எளிது. வாக்கியம் துண்டுபட்டால் எல்லை நெருங்குகிறது. ஒற்றைச் சொல்லே வந்தால் எல்லை கடந்தாயிற்று. இதற்கு மின்கலம் தேவையில்லை.

இவ்விடத்தில் நம் மொழி ஏழையல்ல என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறோம். செயலிகள் ஐந்து அல்லது ஏழு நிறங்களில் உடலைப் பிரிக்கின்றன. தமிழில் களைப்பு வேறு, இளைப்பு வேறு. உழைத்ததால் வருவது களைப்பு. மூச்சில் தெரிவது இளைப்பு. வழிநடந்து தீர்ந்தவருக்கு அலுப்பு. உடல் கனத்துக் கண் சொருகினால் அசதி. மனமும் சேர்ந்து தளர்ந்தால் சோர்வு. இனி ஒரு மிதியும் ஆகாது என்னும்போது ஓய்ச்சல். இவற்றில் களைப்போடு பயிற்சியைத் தொடரலாம், அசதியோடு தொடர்வது வீண், சோர்வோடு தொடர்வது ஆபத்து. வாட்டும் துடிப்பும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு காலைகளில், ஒன்று களைப்பாகவும் மற்றொன்று சோர்வாகவும் இருக்க முடியும். அந்த வேறுபாட்டைப் பிரித்தறியும் கருவி மிதிப்பவரிடம் மட்டுமே இருக்கிறது. அதைத் துருப்பிடிக்கவிட்டுவிட்டு இன்னொன்றை விலைகொடுத்து வாங்குவதை முன்னேற்றம் என்று எங்களால் அழைக்க இயலவில்லை.

கருவிகளை உடைத்துப்போடச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். பவர் மீட்டர் ஒரு நல்ல தராசு. கணிப்பும் தொடக்கப்புள்ளியாகப் பயன்படும். இருட்டில் சுவரைத் தடவ ஒரு கை வேண்டும்தானே. நாங்கள் கேட்பது நான்கே நான்கு.

கணித்த எண்ணைக் கணிப்பு என்று சொல்லுங்கள். 240 என்று எழுதாதீர்கள். 220க்கும் 260க்கும் நடுவே எங்கோ என்று எழுதுங்கள். விற்பனை குறையுமென்றால் குறையட்டும்; எழுபதாண்டுகளுக்கு முந்தைய வரைபடத்துக்கு இருந்த நேர்மை இன்றைய திரைக்கும் இருக்கட்டும்.

ஒருவர் பயிற்சியை முடிக்காதபோது, அதை எண்ணுக்கு எதிரான சாட்சியமாக முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு எதிரான சாட்சியமாக எடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

மறுநாளுக்குக் கட்டளை இடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வந்த பதிலுக்குக் கட்டளையை மாற்றும் அதிகாரத்தைக் கொடுங்கள். ஓரத்தில் ஒரு முகக்குறியாகச் சேமித்து வைப்பது கேட்டதாகாது.

நான்காவது கோரிக்கை மிதிப்பவர்களிடம். எண் சொல்வதும் உடல் சொல்வதும் முரண்படும் நாளில், எது காட்சி, எது கருதல் என்று ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். காட்சியும் கருதலும் மோதும்போது கருதலைத் திருத்திக்கொள்வதே முறை. நெருப்பருகில் நின்று கையை நீட்டிக்கொண்டிருப்பவரிடம், புகை தெரியவில்லை, ஆகவே சூடு இல்லை என்று தூரத்திலிருப்பவர் அடித்துச் சொன்னால் அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் இருப்பாரா? நம் கால்கள் எரிகின்றன என்பதை நமக்குச் சொல்ல வேண்டியது நம் கால்கள்தான்.